வளையம் ஏறாத காசு

— ரயில் ஏறின காசு மாப்பிள்ளை இது. சேதம். எடுத்து அந்தப் பக்கம் வைங்க.

— கையில வாங்கி அஞ்சு விநாடி ஆகல மாமா. லென்ஸ் அந்த மேஜைமேலயே கெடக்கு, நீங்க தொடக்கூட இல்ல.

— முப்பத்தொரு வருஷம் மின்ட்ல நின்னு காசு அடிச்சவனுக்கு லென்ஸ் எதுக்கு? அது உங்கள மாதிரி கண்ணாடிக் கடைக்காரங்களுக்கு. ஊருக்கெல்லாம் பவர் பாத்துக் குடுக்கிறீங்க, உங்க கண்ணுக்கு மட்டும் அடிபட்ட காசெல்லாம் அபூர்வக் காசாத் தெரியுது. எவனோ வேலைவெட்டி இல்லாதவன் தண்டவாளத்துல வச்சிருக்கான், வண்டி ஏறி காசு அகண்டு போச்சு. அவ்வளவுதான் சமாச்சாரம்.

— இன்னிக்கு அப்படித் தள்ளிவிட முடியாது மாமா. அஞ்சு மணிக்கு பீரோ தூக்க ஆள் வருது.

— வரட்டுமே. நானா கூப்பிட்டேன்?

— உங்க பொண்ணு கூப்பிட்டிருக்கா. அந்தச் சின்ன ரூம்ல ஒண்ணு தொட்டில் நிக்கும், இல்லன்னா என் காசு பீரோ நிக்கும், ரெண்டும் நிக்காதுன்னு கறாரா சொல்லிட்டா. உங்களுக்கே தெரியும், பந்தயம் என்னன்னு.

— தெரியும், தெரியும்.

— தெரிஞ்சுக்கிட்டே ரயில்ங்கிறீங்களே. மின்ட்லயே தப்பா அடிபட்டு வந்த அசல் பிழைக் காசு ஒண்ணே ஒண்ணு காட்டு, அத எங்க அப்பா வாயால ஒத்துக்கட்டும், நான் என் அலங்கார மேஜைய வெளிய போட்டுட்டு உன் பீரோவ அங்கயே விட்டுடறேன்னு சொன்னா. ஒத்துக்கலன்னா பீரோ போகும், காசு சேர்க்கிற பைத்தியமும் அதோட போகணும். பதினஞ்சு வருஷச் சேமிப்பு மாமா. காலேஜ் நாள்ல இருந்து.

— என்னங்க, டீ ஆறுது. மாப்பிள்ளை, உங்களுதும்தான். கொஞ்சம் மெதுவாப் பேசுங்க ரெண்டு பேரும். புள்ள இப்பதான் கண்ண மூடினா. எட்டு மாச வயித்த வச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தா.

— நாங்க மெதுவாத்தான் பேசுறோம். நீ அந்த பட்டன் டப்பாவ கலகலன்னு ஆட்டுறதுதான் தெருவுக்கே கேக்குது.

— குழந்தைச் சட்டைக்கு ஒரே மாதிரி நாலு பட்டன் வேணும், மூணுதான் ஆப்டுது. நான் பாட்டுக்கு இந்த மூலைல உக்காந்து தைக்கிறேன். ஆனா அந்தக் காச நல்லாத் திருப்பிப் பாருங்க. மூஞ்சியக்கூடப் பாக்காம தீர்ப்பு சொன்னா எப்படி?

— உனக்கு இதுல என்ன தெரியும்?

— எனக்கென்ன தெரியும். சொன்னேன்.

— அத்தை சொல்றது நியாயம்தானே மாமா. முதல் மூணு காசையும் நீங்க பொறுமையாப் பாத்துச் சொன்னீங்க. நானும் வாய மூடிட்டு ஒத்துக்கிட்டேன்.

— ஒத்துக்காம? முதல் காசு என்னன்னு கொண்டு வந்தீங்க? ஓரம் தடிச்சு, ஆளே சுருங்கி, எழுத்தெல்லாம் ஓரத்தோட ஒட்டி நின்னுச்சு. வேற நாட்டுக் காசுக்கு வச்சிருந்த, அச்சு படாத வெறும் வில்லைல நம்ம அச்சு அடிச்சிருச்சு மாமான்னு குதிச்சீங்க.

— சலவைக் கடைல துணி காய வைக்கிற மிஷினுக்குள்ள மாட்டிட்டு மாசக்கணக்கா உருண்ட காசுன்னீங்க.

— உருண்டு உருண்டு ஓரம் மடங்கி உள்ள வந்திருக்கு. அச்சுல அடிபட்ட ஓரம் அப்படி உருண்டையா இருக்காது. ரெண்டாவது?

— நம்பர் திருப்பிப் போட்டு, பள்ளமா இருந்துச்சு.

— பட்டறை இடுக்கியில ரெண்டு காச ஒண்ணா வச்சு நெருக்கியிருக்கான். ஒரு காசோட நம்பர் இன்னொண்ணுல பதிஞ்சிருக்கு. பின்னாடி திருப்பினா, காசுல பூவுக்குப் பதிலாப் போடுற மரம், அதுவே நசுங்கிக் கெடக்கு. மின்ட்ல அடிச்சிருந்தா ரெண்டு பக்கமும்ல அடி விழுந்திருக்கும்? மூணாவது இருக்கே, அதுதான் உச்சம்.

— அத விட்டுடுங்க மாமா.

— விடுறதா? ரெண்டு பக்கமும் மரம். நம்பரே கிடையாது. மாமா, உலகத்துலயே ஒண்ணுதான் இருக்கும் போலன்னு கண்ணு கலங்கிட்டீங்க. நான் மேஜைமேல போட்டேன். டொக்குன்னு விழுந்துச்சு. காசு விழுற சத்தமா அது? ஒரு காசக் குடைஞ்சு இன்னொரு காச உள்ள பொருத்தினது. வித்தை காட்டுறவன் பையில இருந்து வந்த சாமான்.

— சரி, மூணு தடவை மூக்கு உடைஞ்சுச்சு. அதனாலதான் இந்தத் தடவை எல்லாத்தையும் நானே பாத்துட்டு வந்திருக்கேன். ஒவ்வொண்ணாச் சொல்றேன், எங்க தப்புன்னு மட்டும் சொல்லுங்க. இந்தாங்க, இது சாதாக் காசு. அதே வருஷம். பக்கத்துல வச்சுப் பாருங்க. நம்மளது பெருசு, கொஞ்சம் மெல்லிசு. ரயில் ஏறியிருந்தா இந்த மரம் என்ன ஆயிருக்கும்?

— நசுங்கியிருக்கும்.

— இலை எண்ணலாம் மாமா இதுல. லென்ஸ் வச்சா நரம்பு தெரியுது. ரயில் ஏறினா மரம் வழிச்சு விட்ட மாவு மாதிரி ஆயிடும், காசும் ஒரு பக்கமா நீண்டு போகும். இது சுத்தி வட்டமா இருக்கு.

— சரி, ரயில் இல்ல. தோலுக்கு நடுவுல வச்சு சுத்தியால தட்டியிருப்பான். அது பதமா விரியும்.

— தட்டினா ஓரத்துல இருக்கிற பல்லு எங்க போகும்? சாதாக் காச விரல்ல உருட்டுங்க. ஓரமெல்லாம் நறநறன்னு பல்லு பல்லா இருக்கா? இத உருட்டுங்க.

— வழவழன்னு இருக்கு.

— பல்லே முளைக்கல.

— அரம் போட்டு ராவியிருப்பான்.

— ராவினா காசு சின்னதாகும் மாமா, பெருசாவா ஆகும்? எடையும் குறையும். நகைத் தராசு ஒண்ணு கடன் வாங்கி வந்திருக்கேன், பாருங்க. சாதாக் காசு எட்டு கிராம். இது, ஒரு நிமிஷம், முள் நிக்கட்டும். எட்டு. ஒரு துளி போகல. உள்ள இருந்த உலோகம் அப்படியே இருக்கு, பரந்து மட்டும் போயிருக்கு. பரவாமப் பிடிச்சு நிறுத்த வேண்டியது என்ன? நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. கல்யாணம் ஆன புதுசுல, இதே நாற்காலில உக்காந்து.

— வளையம்.

— வில்லையச் சுத்தி ஒரு இரும்பு வளையம் ஏறி நிக்கும், மேல அச்சு, கீழ அச்சு, நடுவுல அடி. வளையம்தான் காச வட்டமா நிறுத்தும், அதோட உள்பக்கம்தான் ஓரத்துல பல்லு பதிக்கும். வளையம் ஏறலன்னா?

— என்னங்க, கேக்குறாருல்ல மாப்பிள்ளை. வளையம் ஏறலன்னா என்ன ஆகும்?

— உனக்கு பட்டன் கிடைச்சாச்சா?

— இன்னும் இல்ல. கேட்டுக்கிட்டே தேடுறேன்.

— வளையம் ஏறலன்னா காசு பரந்துரும். பல்லு இருக்காது. ஆனா மரமும் எழுத்தும் சுத்தமா விழும். அதெல்லாம் சரி மாப்பிள்ளை, அதுக்காக இது அதுதான்னு எப்படிச் சொல்றது? இங்க பாருங்க, மரத்துல மூணாவது கிளைல இருந்து ஓரம் வரைக்கும் ஒரு கீறல். ஆணியால எவனோ கீறியிருக்கான். காசு கண்ட கண்ட எடத்துல அடிபட்டிருக்கு. சேதம்.

— நகத்த வைங்க மாமா.

— எதுக்கு?

— வச்சுத்தான் பாருங்களேன். ஆணியால கீறினா பள்ளம் விழும், நகம் உள்ள இறங்கும். இது மேடு. நகம் தட்டி நிக்குது. காசுல மேடா ஒரு கோடு இருந்தா, அச்சுல அந்த எடத்துல விரிசல்னு அர்த்தம். விரிசலுக்குள்ள உலோகம் ஏறி வந்திருக்கு. இத எவனும் வெளிய செய்ய முடியாது. மின்ட்ல, மிஷின்ல, அடி விழுந்தப்ப வந்தது. அதான் பாயிண்டு. என்ன மாமா, இப்பவும் சேதமா?

— போலி.

— என்னது?

— கள்ளக் காசு. எவனோ வீட்லயே அச்சு செஞ்சு அடிச்சிருக்கான்.

— கள்ளக் காசு அடிக்கிறவன் நல்ல காசு மாதிரி அடிப்பானா, இல்ல பாத்ததும் எல்லாரும் திரும்பிப் பாக்கிற மாதிரி தப்பான காசு அடிப்பானா? காதுல பூ சுத்தாதீங்க மாமா. அப்படியே அடிச்சாலும் விரிசல் விட்ட அச்சுலயா அடிப்பான்?

— இத எங்க பிடிச்சீங்க?

— பழைய இரும்புக் கடைல. ஒரு பை நிறையப் பழைய காசு, எடைக்கு வாங்கினேன். நாலு நாளாக் கிளறிட்டிருக்கேன், ஒண்ணும் தேறல. நேத்து குளிச்சுட்டு வந்து கடைசியா ஒரு தடவை பாப்போம்னு பையத் திறந்தா மேலாப்புலயே உக்காந்திருக்கு. நாலு நாளா என் கண்ணுல எப்படிப் படாமப் போச்சுன்னே தெரியல.

— இரும்புக் கடையா. நிச்சயமா?

— ஏன் மாமா இப்படி வேர்க்குது? ஃபேன கூட்டட்டுமா?

— வேணாம். டீ சூடா இருந்துச்சு.

— டீ ஆறி அரை மணி நேரம் ஆச்சுங்க.

— நீ சும்மா இரு. மாப்பிள்ளை, நான் சொல்றதக் கேளுங்க. பீரோவ என் ரூம்ல போட்டுக்கலாம். நான் பொண்ணுகிட்டப் பேசுறேன். இந்தக் காச விட்டுடுங்க.

— பீரோ மட்டும் இல்ல மாமா. அவகிட்ட தலைய நிமிர்ந்து சொல்லணும். மூணு தடவையும் அவ சிரிக்கல, அதுதான் கஷ்டம். அடுத்த தடவை பாத்துக்கலாம்னு தோளத் தட்டினா. கடைல எழுத்து அட்டை வாசிக்க முடியாத பெரியவங்க தோள நான் எப்படித் தட்டுவேனோ அப்படி. இந்தக் காசுல உங்க பொண்ணு பொறந்த வருஷம் போட்டிருக்கு, பாத்தீங்களா? நேத்து அதப் பாத்ததும் இது எனக்குன்னே வந்ததுன்னு நெனைச்சேன். உண்மையாச் சொல்லுங்க. பிழையா, சேதமா? உங்க வாயால வர்றதுதான் தீர்ப்பு. காசு அடிச்சவரு நீங்க பாத்துச் சொன்னா நான் மறுபேச்சு பேச மாட்டேன்.

— சேதம்.

— சத்தியமா?

— சேதம்னு சொல்லிட்டேன்ல.

— சரி மாமா.

— என்ன சரி? எங்க எந்திரிச்சுப் போறீங்க?

— டிரில்லிங் மிஷின் எடுக்க. பீரோக்காரன் வர்றதுக்குள்ள இதுல ஒரு ஓட்டை போட்டு, கயிறு கோத்து, தொட்டிலுக்கு மேல தொங்க விட்டுடறேன். அம்மா பொறந்த வருஷக் காசு, குழந்தை பாத்துச் சிரிக்கட்டும். சேதமான காசுதானே, இன்னொரு ஓட்டைல என்ன கெட்டுப் போகுது. அத்தை, சின்ன முனை இந்த டிராயர்லதானே இருக்கு?

— ஆமா மாப்பிள்ளை, இடது பக்கம். பிளக்கும் பக்கத்துலயே இருக்கு. போடுங்க.

— நீ வேற எடுத்துக் குடுக்காத.

— பிடிச்சுக்கோங்க மாமா, மரத்துக்கு நேரா மேல, இந்த எடத்துல...

— கைய எடுங்க.

— மாமா?

— கைய எடுங்கன்னு சொல்றேன். ஓட்டை போடாதீங்க. மாப்பிள்ளை, அத ஆஃப் பண்ணுங்க. உக்காருங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க.

— இந்தாங்க. மெதுவாக் குடிங்க. அத்தை, நீங்களும் இப்படிப் பக்கத்துல வாங்க.

— நான் இங்கயே இருக்கேன். கேக்குது.

— அந்தக் கோடு. மூணாவது கிளை. அதப் பாத்த மறு விநாடியே தெரிஞ்சு போச்சு. அதனாலதான் ரயில்னு சொன்னேன். வேற என்ன சொல்றதுன்னு வாயில வரல. அது என்னோட மிஷின் மாப்பிள்ளை. ஏழாம் நம்பர்.

— உங்க மிஷினா?

— அந்த வருஷம் ஒரு நாள் காலைல அச்சு பிளவு விட ஆரம்பிச்சுது. மயிரிழை மாதிரி ஒரு விரிசல். ஃபோர்மேன்கிட்டப் போய் அச்ச மாத்தணும்னேன். மத்தியானம் சாப்பாட்டுக்கு நிறுத்துறப்ப மாத்திக்கலாம்னாரு. மாத்திட்டாங்க. அதனால அந்தக் கோடு விழுந்த காசு எல்லாம் அந்த ஒரு காலைல அடிச்சதுதான். பத்தே முக்கால் இருக்கும். அப்பல்லாம் ஃபோர்மேன் ரூம்ல மட்டும்தான் போன். மிஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு மனுஷன் கைய ஆட்டுறாரு. வயித்தத் தொட்டுக் காட்டுறாரு. தொட்டில் ஆட்டுற மாதிரி காட்டுறாரு. எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆச்சு. புரிஞ்சதும் நான் மிஷின விட்டுட்டு முழுசா அவரு பக்கம் திரும்பிட்டேன். ஆம்பளப் புள்ளையா, பொம்பளப் புள்ளையான்னு கையாலயே கேக்குறேன். அவருக்கு அத எப்படிக் கையால சொல்றதுன்னு தெரியல.

— அப்புறம்?

— அப்பதான் வளையத்துக்குக் கீழ இருக்கிற ஸ்பிரிங் உடைஞ்சுது. வளையம் மேல ஏறல. ணங் ணங்னு விழுந்துட்டிருந்த அடி, சொத் சொத்னு விழுது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு மாப்பிள்ளை. தெரியாம நடந்துச்சுன்னு இத்தனை வருஷமா எனக்கே நான் சொல்லிக்கிட்டேன், அது பொய். நல்லாக் கேட்டுச்சு. ஆனா நான் திரும்பல. அவரு தலைக்குப் பின்னாடி கையக் கொண்டு போய் ரெண்டு சடை பின்னிக் காட்டினாரு. பொம்பளப் புள்ள. அதப் பாத்துட்டுத்தான் திரும்பினேன்.

— எவ்வளவு நேரம் இருக்கும்?

— பத்து விநாடி. மிஷின நிறுத்திட்டுத் தட்டுல பாத்தேன். ஓரமில்லாம, பல்லில்லாம, பெருசு பெருசா. பதினொண்ணு. பொறுக்கி உருக்குற டப்பால கொட்டினேன். ஃபோர்மேன்கிட்ட ஸ்பிரிங் போயிடுச்சு சார், ஒரு காசு கெடுறதுக்குள்ள நிறுத்திட்டேன்னு சொன்னேன். சொல்லிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரிட்டயர் ஆனப்ப, அவரே மேடையேறி அதச் சொன்னாரு. குழந்தை பொறந்த சேதி வந்தப்பகூட இவரு கண்ணு மிஷின்மேலதான் இருந்துச்சுன்னு. எல்லாரும் எழுந்து நின்னு கை தட்டினாங்க. அதுக்குத்தான் செவுத்துல தொங்குற அந்தக் கடிகாரம் குடுத்தாங்க.

— ‘முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு பிழைக் காசையும் வெளியே விடாத கைகளுக்கு.’ அதானே எழுதியிருக்கு. மாமா, ஒரு நிமிஷம். நான் ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லுங்க.

— இது ரயில் ஏறின காசு.

— என்னது?

— நல்லாப் பாத்தா கொஞ்சம் நசுங்கின மாதிரிதான் இருக்கு. இந்த இலை ரெண்டு மங்கலா இல்ல? எனக்கு என்ன தெரியும், நான் மூக்குக் கண்ணாடி விக்கிறவன். பீரோ போனாப் போகட்டும். உங்க பேரு அந்தச் செவுத்துல இருக்கட்டும்.

— எந்த இலை மங்கலா இருக்கு? காட்டுங்க பாப்போம்.

— இதோ, இந்தக் கீழ்க்கிளைல.

— வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்க. அதுவா மங்கல்? கத்தி மாதிரி நிக்குது. ஏழாம் நம்பர் அடி அது. அத ரயில் ஏறினதுங்கிறீங்க?

— சுத்தியால தட்டினதுன்னும் சொல்லலாம்.

— எட்டு கிராம் துளி குறையாம இருக்குன்னு இப்பதானே நீங்களே நிறுத்துக் காட்டினீங்க. நகம் வைக்கச் சொல்லி மேடு காட்டினீங்க. இப்ப வந்து சுத்திங்கிறீங்க. மூணு தடவை சேதத்தக் கொண்டு வந்து பிழைன்னு சண்டை போட்டீங்க, நாலாவது அசலக் கையில வச்சுக்கிட்டு சேதம்னு சாதிக்கிறீங்க. உங்கள என்னன்னு சொல்றது. எழுதிக்கோங்க, இது பிழை. மின்ட்ல, அச்சுல, அடில வந்த அசல் பிழை. என் பிழை. பொண்ணு எந்திரிச்சதும் அவ எதிர்லயே சொல்றேன்.

— கடிகாரம் மாமா?

— கழட்டுங்க.

— அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்ங்க. நேரம் சரியாத்தானே காட்டுது.

— உனக்கு எல்லாம் விளையாட்டா இருக்கு. ரெண்டு பேரும் சிரிங்க. மனசு லேசாத்தான் இருக்கு எனக்கும், மறைக்கல. ஆனா ஒண்ணு மட்டும் உறுத்துது. பதினொண்ணையும் நானே என் கையால பொறுக்கிக் கொட்டினேன். மின்ட் வாசல் கேட்டத் தாண்டி ஒரு காசு போகாது. வேலைக்குப் போறவன் பையில ஒரு காசு இருக்கக் கூடாது, வர்றவன் பையிலயும் இருக்கக் கூடாது, செருப்பக் கழட்டித் தட்டிக் காட்டிட்டுத்தான் வெளிய விடுவான். அப்புறம் எப்படி ஒண்ணு தப்பி இரும்புக் கடை வரைக்கும் போச்சு?

— அன்னிக்கும் சோதனை போட்டாங்களா மாமா?

— அன்னிக்கு... இல்ல. பொண்ணு பொறந்திருக்கான்னு கத்திக்கிட்டே ஓடினேன். கேட்டுக்காரன் சிரிச்சுக்கிட்டே போ போன்னு விட்டுட்டான். ஆனா என் பையில ஒண்ணும் இல்ல. பதினொண்ணும் டப்பால போட்டாச்சு.

— பன்னெண்டு.

— என்ன சொன்ன?

— பதினொண்ணு இல்லங்க, பன்னெண்டு. ஒண்ணு துள்ளி உங்க கால்சட்டை மடிப்புக்குள்ள விழுந்திருக்கு. ஆஸ்பத்திரிக்கு அந்த எண்ணெய்ச் சட்டையோடயே வந்தீங்க. குழந்தையப் பாத்தீங்க, அழுதீங்க, நாற்காலில சாஞ்சு என் கட்டில் கம்பிமேல காலத் தூக்கிப் போட்டுட்டு வாயத் திறந்து தூங்கிட்டீங்க. மடிப்புல இருந்து ணங்குன்னு விழுந்து என் கட்டில் கிட்ட உருண்டு வந்துச்சு. ஒரு கையில குழந்தைய வச்சுக்கிட்டு இன்னொரு கையால எடுத்தேன். வேலைக்குக் காசே எடுத்துட்டுப் போகாத மனுஷன் கால்சட்டைல காசு எப்படி வந்துச்சுன்னு பாத்தேன். ஓரத்தத் தடவினேன். பல்லு இல்ல.

— இருபத்தெட்டு வருஷமாவா? உனக்குத் தெரியுமா?

— அந்தக் கடிகாரத்துக்கு வாராவாரம் தூசி தட்டுறது யாரு? ஒவ்வொரு தடவையும் அதுல இருக்கிறதப் படிச்சுட்டுச் சிரிச்சுக்குவேன்.

— ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா எங்கிட்ட?

— சொல்லியிருந்தா தூக்கத்துல இருந்து எந்திரிச்சு நேரா மின்ட்டுக்கு ஓடி நீட்டியிருப்பீங்க. கேட்டத் தாண்டி ஒரு காசு வந்தாலும் வேலை போயிடும்னு நீங்கதானே பயந்து சொல்வீங்க. பொறந்து ரெண்டு மணி நேரம் ஆன புள்ளைய வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்? இந்த பட்டன் டப்பால போட்டு மூடினேன். அப்புறம் ரிட்டயர் ஆகட்டும், தானாச் சொல்வாருன்னு பாத்தேன். கடிகாரம் வந்தப்ப சொல்வாருன்னு பாத்தேன். நீங்க ஆணி அடிச்சு மாட்டிட்டு, கோணலா இருக்கான்னு எங்கிட்டயே கேட்டீங்க.

— அத்தை, ஒரு நிமிஷம். பட்டன் டப்பால இருந்துச்சுன்னு சொல்றீங்க. நான் இரும்புக் கடைப் பையில இருந்துல்ல எடுத்தேன்?

— பிழை, சேதம் எல்லாம் எனக்கென்ன தெரியும் மாப்பிள்ளை? இருபத்தெட்டு வருஷமா இவரு வாயத் திறக்கல, நீங்களும் மூணு தடவை மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுப் போனீங்க, அதான் நேத்து நீங்க குளிக்கப் போன நேரம் உங்க பைக்குள்ள நான்தான் போட்டேன்.